எட்டுக்கு ஒன்றாய்ச் சுண்டும்வரை

எட்டுக்கு ஒன்று என்றால் எதுவரை என்று ஈர்க்குதான் சொல்ல வேண்டும், கண்ணை நம்பக்கூடாது, கண் அவசரப்படும் என்று நினைத்துக்கொண்டே தவமணி ஈர்க்குச்சியை மண்சட்டிக்குள் நட்டுப் பார்த்தாள். முதலில் ஒரு தம்ளர் தண்ணீரை மட்டும் ஊற்றி, ஈர்க்கில் நனைந்த இடத்தை நகத்தால் கீறி வைத்துக்கொண்டு, அதற்கப்புறம்தான் மீதி ஏழு தம்ளரையும் ஊற்றியிருந்தாள். கீறல் இன்னும் ஆழத்தில் கிடந்தது. கொதியில் நெருஞ்சி முள் சட்டியின் அடியைக் கரகரவென்று உரசியது. பூவோடு பிடுங்கிப் போட்ட சிறுபீளை மேலே மிதந்து, நனைந்த கோழிக்குஞ்சின் ரோமம் மாதிரி ஒட்டிக்கொண்டு கிடந்தது. தீயைக் கூட்டக்கூடாது. கூட்டினால் தண்ணீர் ஆவியாகப் போகுமே தவிர முள்ளுக்குள் இருக்கிற சத்து இறங்காது. சத்து இறங்கணும். இறங்கணும் என்றதும் உள்ளே தொங்குகிற பை ஞாபகம் வந்தது. ஞாபகம் எங்கே போயிருந்தது திரும்பி வர, காலையிலிருந்து அது ஒன்றுதானே கண்ணுக்குள் தொங்குகிறது. பின்னறைக் கட்டிலின் கம்பியில், வீட்டுக்காரருக்கு நீர் பிடிக்க மாட்டிய பிளாஸ்டிக் பை, அதன் அடிக்கோட்டுக்கும் கீழே கடுங்காப்பி நிறத்தில் கொஞ்சம். விடியும்போது பார்த்த அதே கொஞ்சம். அதற்குமேல் ஒரு சொட்டு ஏறவில்லை. கிட்னி இரண்டும் ஓய்ந்துவிட்டது, ரத்தத்தைச் சுத்தம் செய்கிற மிஷினில் போட்டால் இருதயம் தாங்காது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று டாக்டர் அனுப்பிவிட்டார். தினமும் வந்து பார்த்துப்போகிற நர்ஸ் ரூபி, சபைப் பாட்டுக்குழுவில் பாடுகிற பிள்ளை, காலையில் வாசல்வரை போனவள் திரும்பி வந்து மெதுவாகச் சொன்னாள்: “பெரியம்மா, பையைப் பாத்துக்கிட்டே இருங்க. நீர் நின்னுட்டுன்னா பெறகு ரொம்ப நேரம் தாங்காது. கிங்ஸ்லி அண்ணன் எங்க வாராங்கன்னு கேளுங்க.” மகன் கிங்ஸ்லி மஸ்கட்டிலிருந்து புறப்பட்டாயிற்று. திருவனந்தபுரத்தில் இறங்கிக் காரும் பிடித்தாயிற்று. அவன் வந்து சேரும்வரை இவர் இருக்கணும், மகன் முகத்தைப் பார்த்துவிட்டுப் போகணும், அவ்வளவுதான் தவமணி கேட்கிறது. பிழைக்க வையும் என்று கேட்பதை அவள் போன வாரமே விட்டுவிட்டாள். விட்டதைக் கர்த்தரிடம் தனியாகச் சொல்லிக்கொள்ளவில்லை. அவருக்குத் தெரியாதா.

குதிகாலை ஊன்றினால் சுருக்கென்றது. நெருஞ்சி பிடுங்கப் போன இடத்தில் ஏறிய முள் முறிந்து உள்ளேயே நிற்கிறது. ஆலயத்துக்கு எதிரே காலி மனையில்தான் பிடுங்கினாள், ஆட்டுக்காரி ஒருத்தி பார்த்துக்கொண்டே நின்றாள், வயதான பொம்பளை செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு முள்ளுக்குள் குனிந்து என்னத்தைத் தேடுகிறாள் என்று நினைத்திருப்பாள். செருப்பை ஏன் கழற்றினோம். அவர் சொல்லிக்கொடுத்த பழக்கம். மருந்து எடுக்கிற இடத்தில் செருப்பு வேண்டாம், அதுவும் நாலு பேர் தாகத்துக்கு நிற்கிற கிணற்றடி மாதிரிதான் என்பார். அரசு பஸ்ஸில் டிரைவர் ஆசீர்வாதம் என்றால் திருநெல்வேலி நாகர்கோவில் தடத்தில் எல்லாருக்கும் தெரியும். தடம் முழுக்க எங்கே என்ன செடி முளைக்கும் என்று அவருக்குத் தெரியும், எந்த ஊரில் ஒதுங்க இடம் இருக்கிறது என்றும் தெரியும், ஆனாலும் ஒதுங்க மாட்டார். வண்டியை நிப்பாட்டினால் ஜனம் முகம் சுளிக்கும், அடுத்த வண்டிக்காரன் முந்திக்கொள்வான், நேரம் தவறினால் ஸ்டாண்டில் கத்துவார்கள். இடது காலுக்குப் பக்கத்தில் எஞ்சின் பெட்டி அனல் அடிக்கும். மனுஷன் தண்ணீர் குடிக்காமலேயே ஓட்டுவார், குடித்தால் வருமே என்று. அவரோடு ஓடிய கண்டக்டர் பிச்சையா வீட்டுக்கு வந்தால் இதைத்தான் சொல்லிச் சிரிப்பார். “வே டிரைவரே, எஞ்சினுக்குத் தண்ணி காட்டுதீரு, ஒமக்கு நீரு காட்டிக்கிட மாட்டீரு.” இவர் பதிலுக்கு, “எஞ்சின் பாதி வழியில ஒண்ணுக்குப் போவணும்னு கேக்காதுல்லாவே” என்பார். அப்புறம் ஒரு சித்திரை மாசம் மூட்டுக்கு மூட்டு நடுங்கிக்கொண்டு வந்து, வயிற்றைப் பிடித்துத் தரையில் சுருண்டு கிடந்தபோது அதே பிச்சையாதான் துண்டில் நெருஞ்சி முள்ளை முடிந்து கொண்டுவந்து கொடுத்தார். எட்டுக்கு ஒண்ணாச் சுண்டக் காய்ச்சிக் குடு மதினி, அவசரப்பட்டு எறக்கிராத, நாலுக்கு ஒண்ணு போதும்னு சொல்லுவாவ, இவரு உடம்புச் சூட்டுக்குப் பத்தாது. அன்றைக்குப் போட்டதுதான் ஈர்க்கில் முதல் கீறல். எத்தனை ஈர்க்கு, எத்தனை கீறல். வள்ளியூர்ச் சந்தையில் வெள்ளரி விதை வாங்கி வருவார், பாலில் அரைத்துக் கொடுப்பாள். வாழைத்தண்டு நறுக்கும்போது வருகிற நாரை விரலில் சுற்றிச் சுற்றி எடுத்தால் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, மகளுக்கு ரிப்பனுக்கு ஆச்சு என்பார். பதநீர்க் காலம் வந்தால் விடியுமுன்னே பதநீர். மற்றப் புருஷன்மார் பெண்டாட்டிக்குப் பூ வாங்கி வருவார்கள், இவர் சீரகமும் பார்லியும் வாங்கி வருவார். இப்போது சிரிப்பு வரணும். வரவில்லை.

பூ என்றதும் மனசு இன்னும் பின்னால் போனது, போகவேண்டாம் என்று அவள் இழுத்தும் போனது. கல்யாணம் ஆகி மூன்றாவது மாசம் அவளுக்கே நீர்க்கடுப்பு. யாரிடம் சொல்வது. மாமியாரிடம் சொல்ல வெட்கம், அம்மா தூத்துக்குடியில், பக்கத்து வீட்டில் சொன்னால் ஒரு மாதிரிச் சிரிப்பார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு போவாள், கண்ணீரும் அதுவும் ஒன்றாக வரும். ஒரு நாள் அவர் பின்வாசலில் நின்று கவனித்திருக்கிறார் போல. மறுநாள் டியூட்டி முடிந்து வரும்போது ஆரல்வாய்மொழிப் பக்கத்திலிருந்து ஒரு பிடி யானை நெருஞ்சில் பிடுங்கி வந்தார், மஞ்சள் பூவோடு, சதைப்பற்றான இலையோடு. செம்பில் தண்ணீர் எடுத்து அந்தக் கொப்பை உள்ளே விட்டுச் சுற்றச் சுற்றத் தண்ணீர் முட்டை வெள்ளைக்கரு மாதிரி கொழகொழவென்று ஆயிற்று. கையை உயர்த்தினார், தண்ணீர் நூலாகத் தொங்கியது. பாரு, தண்ணியை நூலாக்கிட்டேன் என்றார். அவள் பயந்துபோய்ப் பார்த்தாள். மூக்கைப் பிடிச்சுக்கிட்டுக் குடி, எரிச்சல் போயிரும், உனக்கு என்ன செய்யுதுன்னு எனக்குத் தெரியும்லா, நம்ம ரெண்டு பேருக்கும் ஒரே சீக்கு. அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் இருந்தது என்ன. கேலி இல்லை. வேறு என்னவோ. அந்தச் செம்பை அவள் குடித்தது ஞாபகம் இருக்கிறது, வழுக்கிக்கொண்டு தொண்டையில் இறங்கியது ஞாபகம் இருக்கிறது, முகத்தில் இருந்தது மட்டும் இப்போது எட்டவில்லை. இவ்வளவு நாள் கூட இருந்துவிட்டு அந்த ஒரு முகம் எட்டவில்லை. போய்ப் பார்த்தால் அந்த முகம் அங்கேதானே கட்டிலில் இருக்கிறது என்று ஒரு கணம் தோன்றியது. இல்லை, அது அங்கே இல்லை. அங்கே இருக்கிறது சுண்டின முகம். கன்னம் ஒட்டி, கண் உள்ளே போய், பாதம் மட்டும் வீங்கி. யாரோ அவரையும் சின்னத் தீயில் வைத்திருக்கிற மாதிரி. சே, என்ன நினைப்பு இது, ஸ்தோத்திரம் ஆண்டவரே, ஸ்தோத்திரம் என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு சுள்ளி ஒன்றை வெளியே இழுத்துத் தீயைக் குறைத்தாள்.

அடுப்பு குளியலறைச் சுவரை ஒட்டி இருந்தது, வெந்நீருக்கு என்று மூன்று கல் கூட்டிய அடுப்பு. சுவருக்கு அந்தப் பக்கம் குளியலறை, அதற்கு அடுத்துப் பின்னறை. இந்தச் சுவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தே அவள் அவருடைய உடம்பை அளந்துவிடுவாள். இளவயசுக் காலத்தில் தகரத்தில் மழை பெய்கிற சத்தம். அப்புறம் நின்று நின்று வரும். அப்புறம் மெல்லிசாக, ஆட்டுக்குட்டி பால் குடிக்கிற மாதிரி. இன்றைக்கு எப்படிங்க போகுது என்று அவள் கேட்டதே இல்லை, கேட்க வேண்டியிருந்ததில்லை, சத்தத்தை வைத்து மத்தியானக் குழம்புக்கு முள்ளங்கியா வாழைத்தண்டா என்று முடிவு செய்வாள். கட்டிலைப் பின்னறைக்கு மாற்றியதே அவர் நாலு எட்டில் குளியலறைக்குப் போகட்டும் என்றுதான். இப்போது நாலு எட்டும் இல்லை. சுவர் சத்தம் இல்லாமல் நிற்கிறது. ஆலயமணி இல்லாத ஞாயிற்றுக்கிழமை மாதிரி. இதைக் கர்த்தரிடம் எப்படிச் சொல்வது என்பதில் அவளுக்கு எப்போதும் ஒரு சிக்கல் உண்டு. ஒண்ணுக்கு என்று ஜெபத்தில் சொல்ல முடியாது. மற்ற வார்த்தை வாயில் எடுக்கவே கூடாது. சிறுநீர் என்றால் பள்ளிக்கூடத்துப் புத்தகம் மாதிரி இருக்கிறது, ஆண்டவருக்குப் பாடம் எடுக்கிற மாதிரி. வீட்டுக்காரருக்குக் கல்லடைப்பு வந்து துடித்த வருஷம் குடும்ப ஜெபத்தில் முழங்கால் போட்டு, எங்கள் பரம பிதாவே, நீர் பிரியணும், எப்படியாவது நீர் பிரியணும் என்று அவள் அழுதபோது, பக்கத்தில் முழங்கால் போட்டிருந்த மகள் எப்சி, அப்போது பாவாடை சட்டைக்காரி, களுக்கென்று சிரித்துவிட்டாள். ஜெபம் முடிந்ததும் கேட்டாள்: “ஏம்மா, நீர் பிரியணும் நீர் பிரியணும்னு சொல்லுதியே, இயேசப்பாவையா நம்ம வீட்டை விட்டுப் போவச் சொல்லுத?” வயிற்றைப் பிடித்துக் கிடந்த மனுஷனும் சிரித்துவிட்டார், சிரித்ததில் வலி கூடி அடிக்க வந்தார். தவமணிக்கு மட்டும் திக்கென்றது. உண்மைதானே. ஜெபத்தில் நீர் என்றால் அவர்தானே. அன்றைக்கு ராத்திரி படுத்துக்கொண்டு யோசித்து யோசித்து ஒரு வார்த்தை கண்டுபிடித்தாள். நீர் இரங்கும். ஆண்டவரே, நீர் இரங்கும். சின்ன ர போட்டால் மனசு இரங்குவது, பெரிய ற போட்டால் நீர் இறங்குவது. அவளுக்கு எப்போதும் எது சின்னது எது பெரியது என்று குழப்பம்தான், எட்டாம் வகுப்போடு சரி. வாயால் சொல்லும்போது எந்த ர என்று யார் பார்க்கப்போகிறார்கள், கேட்கிறவருக்கு இரண்டும் தெரியும். மறுநாள் சாயங்காலம் கல் விழுந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் டொக் என்று ஒரு சத்தம், அதற்குப் பின்னால் மழை. அவர் உள்ளேயிருந்தே கத்தினார், ஏ தவமணி, விழுந்துட்டு, ஒங்க கர்த்தர் கல்லை எறக்கிட்டாருன்னு. அடுப்படியில் அப்படியே நின்று அழுதாள்.

ஈர்க்கை நட்டாள். கீறலுக்கும் தண்ணீருக்கும் நடுவில் ஒரு விரற்கடைதான். சட்டியின் உள்பக்கத்தில் தண்ணீர் இறங்கி வந்த தடம் வளையம் வளையமாகத் தெரிந்தது. பின்வாசலில் நிழல் தட்டியது. எப்சிதான், கையில் போனோடு. பள்ளிக்கூடத்தில் டீச்சர், லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறாள், ரெண்டு நாளாகத் தலை சீவவில்லை. மோந்து பார்த்துவிட்டு நின்றாள். “ம்மா. என்னது இது.” “சும்மா வெந்நி.” “வெந்நி இந்த மணம் மணக்குமா. நெருஞ்சி காச்சுத. அண்ணன் என்ன சொன்னான், நீ பாட்டுக்கு அதையும் இதையும் காச்சிக் குடுத்துராதன்னு சொன்னானா இல்லையா. டாக்டரு குடிக்கிற தண்ணியவே அளந்து குடுக்கச் சொல்லிருக்காரு.” எப்சி அடுப்புக்குப் பக்கத்தில் குத்தவைத்து உட்கார்ந்தாள். சட்டிக்குள் பார்த்தாள். “எட்டுக்கு ஒண்ணா?” “ம்.” “இன்னும் எவ்வளவு இருக்கு?” “கொஞ்சந்தான்.” எப்சியின் குரல் மாறியிருந்தது, டீச்சர் குரல் போய் வேறு குரல் வந்திருந்தது. “சின்னப்பிள்ளையில எனக்கும் குடுப்ப. பள்ளிக்கூடத்து கக்கூஸுக்குப் போகப் பிடிக்காம அடக்கி அடக்கி எனக்கு எரிச்சல் வந்துச்சுல்லா. அப்பா அந்தக் கொழகொழத் தண்ணியைக் கொண்டாந்து, மீன் முட்டைன்னு சொல்லிக் குடிக்க வச்சாங்க.” அப்படியா செய்தார். தண்ணியை நூலாக்கிட்டேன் என்று மகளிடமும் சொல்லியிருப்பாரோ. அது தனக்கு மட்டும் என்று இத்தனை வருஷம் வைத்திருந்ததே. சொன்னால் என்ன, பிள்ளைதானே. ஆனாலும் எங்கோ லேசாகக் குத்தியது, குதிகால் முள் மாதிரி. எப்சி போனைப் பார்த்தாள். “நாகர்கோவில் தாண்டிட்டானாம். ஆரல்வாய்மொழி வந்தாச்சு. அப்பா ரூட்டுதான். வண்டி நல்லா வருதாம்.” பிறகு, தாயின் முகத்தைப் பார்க்காமலே கேட்டாள்: “பையில ஏதாவது…?” “இல்ல மக்கா.”

உள்ளே போனபோது அவர் விழித்திருந்தார், அல்லது கண் மூடவில்லை, இரண்டுக்கும் வித்தியாசம் இப்போதெல்லாம் தெரிவதில்லை. பாயில் காயப்போட்ட புளி மாதிரி ஒரு வாடை அறையில் இருந்தது, உடம்பை விட்டுப் போகவேண்டியது போகாமல் தோல் வழியாக வருகிற வாடை. அவள் முதலில் பையைப் பார்த்தாள். பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே பார்த்தாள். மனுஷன் முகத்தைப் பார்க்குமுன் பையைப் பார்க்கிற நிலைமைக்கு வந்தாயிற்றே. வலது பாதம் போர்வைக்குள் லேசாக அசைந்தது. முன்னால் பார்த்தபோதும் அசைந்தது, கால் மரத்துப்போயிருக்கும் என்று தேய்த்துவிட்டாள், இப்போதுதான் புரிந்தது, பிரேக் போடுகிறார். “என்னங்க.” உதடு ஒட்டியிருந்தது, பஞ்சை நனைத்து ஒற்றினாள். ரொம்ப நேரம் கழித்து, “எங்க வாரான்” என்றார். “ஆரல்வாய்மொழி.” “காத்து அடிக்கும். ஸ்டீரிங்கைப் பிடிக்கச் சொல்லு.” “சரி.” “யாரு ஓட்டுதா.” “வாடகைக் காரு. மலையாளத்து டிரைவர்.” அவர் முகத்தில் ஒரு சுளிப்பு வந்தது, மற்ற டிரைவர்களைப் பற்றிய பழைய சுளிப்பு, அந்தச் சுளிப்பைப் பார்க்க அவளுக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. பிறகு கண் மேலே போனது. மூச்சு ஒன்று வந்து, அடுத்தது வருவதற்குள் அவள் கட்டில் விளிம்பை இறுகப் பிடித்தாள். வந்தது. இதுதான் பயம். ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில் ஒரு விரற்கடை. அந்த இடத்தில் ஈர்க்கை நட்டுப் பார்க்க முடியாது. இந்த இடைவெளியில் வைத்தே எல்லாம் முடிந்துபோகும், மகன் ஆரல்வாய்மொழிக் காற்றில் வந்துகொண்டிருப்பான். பையில் ஒரு சொட்டு ஏறினால் கொஞ்சம் நேரம் கிடைக்கும். ரூபி அப்படித்தான் சொன்னாள், அப்படியா சொன்னாள், நின்றால் தாங்காது என்றாள், அப்படியானால் நிற்காவிட்டால் தாங்கும். ஒரு தம்ளர் கஷாயம். முன்னால் கல்லையே இறக்கியிருக்கிறது.

திரும்பி வரும்போது அடுப்பு தணிந்து, கீறலும் தண்ணீரும் ஒன்றாகியிருந்தது. சட்டியைத் துணி பிடித்து இறக்கி, வேட்டித் துணியில் வடித்தாள். துணியில் முள் எல்லாம் வெந்து கறுத்து, ஆனாலும் முள்ளாகவே இருந்தது, அவ்வளவு நேரம் வெந்தும் முனை மழுங்கவில்லை. தம்ளரில் விழுந்தது கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். பைக்குள் இருக்கிற அதே நிறம். அதே கொஞ்சம். இத்தனை தண்ணீர் ஊற்றி இத்தனை நேரம் காய்ச்சி அவள் செய்து முடித்தது பையில் ஏற்கெனவே இருக்கிறது. இதைக் கொண்டுபோய் அவருக்குள் ஊற்றினால் போக வழி எங்கே இருக்கிறது. வழி அடைத்தவனுக்குத்தான் நெருஞ்சில். ஊற்றே வற்றினவருக்கு? இது அவளுக்குத் தெரியாமல் இல்லை. காலையில் முள்ளுக்குள் குனிந்தபோதே தெரியும். தெரிந்தும் காய்ச்சினாள், காய்ச்சுகிற நேரம் மட்டும் அவர் போகமாட்டார் என்று ஒரு எண்ணம், யாரிடமும் சொல்ல முடியாத எண்ணம். அடுப்பில் கஷாயம் இருக்கும்போது இவர் ஒரு நாளும் எங்கேயும் கிளம்பினதில்லையே. டியூட்டிக்குச் சீருடை மாட்டிக்கொண்டுகூட அடுக்களை வாசலில் நிற்பார், எறக்கிட்டியா, குடிச்சிட்டுப் போறேன். இப்போது இறக்கியாயிற்று. ஐயோ, கொஞ்சம் தீயைக் குறைத்து இன்னும் ஓட்டியிருக்கலாம். இன்னொரு தம்ளர் தண்ணீர் ஊற்றிவிட்டால் என்ன என்று கைகூடச் செம்புக்குப் போனது. போன கையை மடக்கிக்கொண்டாள்.

தம்ளரோடு உள்ளே போனாள். எப்சி தலைமாட்டில் இருந்தாள், வேண்டாம் என்று சொல்லவில்லை. தவமணி சுண்டுவிரலை நனைத்து அவர் உதட்டில் தடவினாள். குடிக்கக் கொடுத்தால் புரையேறிவிடும் என்று ரூபி சொல்லியிருந்தாள், அதனால் தடவினாள், அவ்வளவுதான் முடியும். நாக்கு மெதுவாக வந்து உதட்டைத் தொட்டுப் போனது. அவர் முகம் எதையோ தேடியது. “பிச்சையா குடுத்தானா” என்றார். பிச்சையா செத்து ஏழெட்டு வருஷம் இருக்கும். “ஆமா, அவியதான்.” “எட்டுக்கு ஒண்ணா?” “எட்டுக்கு ஒண்ணுதான்.” திருப்தியாக இருந்தார். எப்சியின் கையில் போன் அதிர்ந்தது, எடுத்து, ம், ம் என்று கேட்டுவிட்டு, “வள்ளியூர் வந்துட்டானாம்ப்பா” என்று அவர் காதுக்கு அருகில் குனிந்து சொன்னாள். கண் திறந்தது. இத்தனை நாளில் அவ்வளவு தெளிவாகத் திறக்கவில்லை. “வள்ளியூர்ல நிப்பாட்டச் சொல்லு. ஒண்ணுக்குப் போய்ட்டு வரட்டும். அவனும் என்னை மாதிரித்தான். அடக்கக்கூடாது.” அடக்க என்கிற வார்த்தை தவமணியின் காதிலேயே நின்றுவிட்டது. நாளைக்கு அந்த வார்த்தையைத்தான் ஆலயத்து அறிவிப்புப் பலகையில் எழுதுவார்கள், அடக்க ஆராதனை இத்தனை மணிக்கு என்று. எப்சி தாயைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது: நிப்பாட்டினா நேரமாகும்மா. தவமணிக்கும் அது தெரியும். ஆனால் அவர் பார்த்துக்கொண்டிருக்கிறார், சொல்கிறார்களா என்று பார்த்துக்கொண்டிருக்கிறார், ஆயுசு பூராவும் நிப்பாட்டாத மனுஷன் நிப்பாட்டச் சொல்கிறார். “சொல்லு மக்கா” என்றாள். எப்சி போனில், “அண்ணே, அப்பா சொல்லுதாங்க, வள்ளியூர்ல எறங்கி ஒண்ணுக்குப் போய்ட்டு வரணுமாம்” என்றாள். அந்தப் பக்கம் ஒரு பெரிய ஆம்பளை அழுகிற சத்தம், போனுக்கு வெளியேயும் கேட்டது.

அவர் கண்ணை மூடிக்கொண்டார். மூச்சுக்கு நடுவில் இருந்த இடம் அகலமாகிக்கொண்டே போனது. தவமணி தம்ளரைத் தரையில் வைத்துவிட்டுக் கட்டிலோரமாக முழங்கால் போட்டாள், முழங்கால் போட்டதில் குதிகால் தரையை விட்டு எழும்பி முள் குத்துவது நின்றது, அந்தச் சின்ன இதத்துக்குக்கூட ஒரு ஸ்தோத்திரம் சொல்லத் தோன்றியது. எப்சியும் பக்கத்தில் வந்து முழங்கால் போட்டாள். ஆண்டவரே என்று தவமணி ஆரம்பித்தாள். நீர் என்றாள். நீர் என்றால் யார். பிச்சையா இவரை நீரு என்பார். கட்டிலில் கிடக்கிறவரும் நீர், மேலே இருக்கிறவரும் நீர், பைக்குள் வராமல் நிற்கிறதும் நீர். மூன்றையும் ஒரே வார்த்தையில் கட்டிவைத்தது யார். பிரியும் என்று சொல்ல நாக்குக் கூசியது, பிரியாதேயும் என்று சொல்லவும் கூசியது, பிரிய வேண்டியவரைப் பிடித்துவைத்து என்ன செய்யப்போகிறோம், உடம்பெல்லாம் வாடை அடிக்கிறதே அவருக்கு, எவ்வளவு சுத்தமான மனுஷன், டியூட்டி முடிந்து வந்தால் குளிக்காமல் கூடத்துக்கு வரமாட்டார். மகன் வரும்வரை. அதுவரை மட்டும். “ஆண்டவரே,” என்றாள், “நீர் இரங்கும்.” எந்த ர போட்டோம் என்று அவளுக்கே தெரியவில்லை. எப்சி சிரிக்கவில்லை. நெற்றியைக் கட்டில் சட்டத்தில் வைத்துக்கொண்டு, “ஆமேன்” என்றாள்.

கார் வந்து நின்ற சத்தத்தில் அவர் பாதம் ஒரு தடவை அழுத்தி நின்றது. கிங்ஸ்லி செருப்போடு உள்ளே வந்தான், வந்த வேகத்தில் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அப்பாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டான், அந்தக் கை எவ்வளவு லேசாக இருந்தது என்பது அவன் முகத்தில் தெரிந்தது. “அப்பா. நான் வந்துட்டேம்ப்பா.” கண் திறந்தது. மகனைக் கண்டுகொண்டது. தவமணி பார்த்தாள், அவர் கண்டுகொண்டார், வேறு யாரோ என்று நினைக்கவில்லை, கிங்ஸ்லி என்றுதான் கண்டுகொண்டார். உதடு அசைந்தது, கிங்ஸ்லி காதைக் கொண்டுபோனான். அவர் கேட்டது அறையில் எல்லாருக்கும் காதில் விழுந்தது. “வள்ளியூர்ல நிப்பாட்டினியா.” “நிப்பாட்டினேம்ப்பா.” “எறங்கினியா.” “எறங்கினேன்.” அவர் முகத்தில் அப்போது ஒன்று வந்தது, கேலி இல்லை, வேறு என்னவோ, செம்பிலிருந்து நூலாகத் தண்ணீர் தொங்கிய அன்றைக்குப் பார்த்தது. தவமணிக்கு எட்டிவிட்டது. அந்த முகம் அங்கேதான் இருந்திருக்கிறது. அவள் குனிந்து அவர் தலைமுடியை ஒதுக்கினாள். கிங்ஸ்லி உட்கார்ந்த இடத்தில் ஒரு மாதிரி நெளிந்தான், பல்லைக் கடித்தான், பிறகு தாழ்ந்த குரலில், சின்னப் பையன் மாதிரி, “அம்மா, தாங்க முடியல, இந்தா வந்துட்டேன்” என்று எழுந்து குளியலறைக்கு ஓடினான். அப்போதுதான் அவளுக்கு விளங்கியது, இவன் வள்ளியூரிலும் நிற்கவில்லை, நாங்குநேரியிலும் நிற்கவில்லை, விமானத்திலிருந்து இறங்கியதிலிருந்து எங்கேயும் நிற்கவில்லை. அப்பன் பிள்ளை. சுவருக்கு அந்தப் பக்கம் கதவு சாத்தப்பட்டது. பிறகு அந்தச் சத்தம். தகரத்தில் மழை பெய்கிற சத்தம், விடாமல், வெகுநேரம், காலையிலிருந்து அவள் இந்த வீட்டில் காது கொடுத்துக் காத்திருந்த ஒரே சத்தம். அவரும் கேட்டார். அவர் கேட்டார் என்று பின்னால் யாரிடம் வேண்டுமானாலும் அவள் சத்தியம் செய்வாள், தலை அந்தப் பக்கம் லேசாகத் திரும்பியது, உதட்டோரம் இளகியது, அவள் கைக்குள் இருந்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டுக்கொடுத்தன. தரையில் தம்ளர் ஆறிப்போயிருந்தது. பையில் கடுங்காப்பி நிறத்தில் அதே கொஞ்சம். சுவருக்கு அந்தப் பக்கம் சத்தம் மெலிந்து, சொட்டுச் சொட்டாகி, நின்றது. இங்கே மூச்சு அதற்குச் சற்று முன்னாலேயே நின்றிருந்தது.